இருமாதே என்று சொன்னவன்

மருத்துவக் குழுவின் முன்னால் போய் உட்கார வேண்டிய நாளன்று பார்த்து கிதிருக்கு மூச்சு நன்றாக வந்தது.

முந்தின நாள் பெய்த மழை குர்திஷ் மலை ஊரான சர்தஷ்த்தின் காற்றைக் கழுவித் துடைத்துவிட்டிருந்தது. விடிந்ததும் மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரைப் பிடிக்காமல் முற்றம்வரை நடந்து, குழாயடியில் முகம் கழுவித் திரும்பினார். போக வர இரண்டே முறைதான் நின்றார். சமையலறை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் ஷிலான் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா, வருஷம் பூரா கரையில போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்துகிட்டு கிடந்துட்டு, இன்னைக்குப் பார்த்து குதிரைக்குட்டி மாதிரி நடக்கறீங்களே. நியாயமா இது?"

"என்னை ஏன் கேக்கறே? மழையைக் கேளு."

"சட்டை மேல சுத்தின அந்த இடுப்புத்துணியையாவது அவிழ்த்து வைங்க. ஆறு முழம் துணியைச் சுத்தி இறுக்கிக் கட்டிகிட்டு, எனக்கு மூச்சு முட்டுதுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

"இடுப்புத்துணி இல்லாம பெரிய மனுஷங்க முன்னாடி போறதா? அதுக்கு நான் இப்படியே போறேன், வெறும் உள்சட்டையோட."

"போங்க. அது இன்னும் நல்லது."

அவர் இடுப்புத்துணியை அவிழ்க்கவில்லை. கொஞ்சம் தளர்த்திக் கட்டிக்கொண்டார். ஷிலான் கணக்கு வாத்தியார். எதிலும் பாதி விட்டுக்கொடுத்தால் அதைப் பாதி வெற்றியாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவள்.

கேட்கப் போனது பெரிய விஷயமில்லை. தோளில் மாட்டிக்கொள்ளக் கூடிய ஒரு சின்ன ஆக்ஸிஜன் இயந்திரம். பேட்டரியில் நான்கு மணி நேரம் ஓடும். வீட்டில் இருப்பது அலமாரி உயரத்துக்கு ஒன்று. மின்சாரம் இருந்தால்தான் உயிர் வரும். அதன் குழாய் எட்டும் தூரம்தான் இப்போது கிதிருக்கு உலகம். படுக்கை, சன்னல், கழிவறை வாசல். சிலிண்டர் என்று ஒன்று உண்டுதான். ஆனால் ஒரு ஆட்டுக்கிடா எடை. அதை நிரப்ப வேறு ஊருக்குப் போக வேண்டும். அவர் போக நினைத்த இடத்துக்கு வண்டிப் பாதையே கிடையாது.

அவர் போக நினைத்தது ஊருக்கு மேலே சரிவில் இருந்த திராட்சைத் தோட்டத்துக்கு. அப்பா வழியில் வந்த தோட்டம். வானம் பார்த்துக் காய்க்கும் கறுப்புத் திராட்சை. அறுவடைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அந்த அறுவடையை மட்டும் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது அவருக்கு. இது மனைவி பெரிகான் இல்லாத முதல் அறுவடை. பனிக்காலத்தில், கணவாய் அடைபட்டிருந்த வாரத்தில், காலைத் தேநீரைக் கையில் வைத்தபடியே அவள் போய்விட்டாள்.

அந்தத் தோட்டத்துக்கும் அவர்கள் இருவரின் நெஞ்சுக்கும் ஒரு கணக்கு இருந்தது. போர் நடந்த காலத்தில், எதிரி விமானங்கள் வந்த அந்தக் கோடை மாலையில் கிதிர் தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இருபத்தேழு வயது, கல்யாணமாகி எட்டு மாதம். மேலிருந்து பார்த்தபோது குண்டு விழுந்த சத்தம் வழக்கம் போல இல்லை. வெடிக்காத குண்டு போல மொத்தென்று ஒரு சத்தம். பிறகு தெருக்களிலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாக ஏதோ எழும்பி, எழும்பியது மேலே போகாமல் தாழ்ந்து பரவியது. பெரிகான் கீழே அண்ணன் வீட்டில் இருந்தாள். குண்டுகளுக்குப் பழகிப்போன ஊர் அது. விமானச் சத்தம் கேட்டால் எல்லோரும் நிலவறைக்கு ஓடுவார்கள். அன்றும் ஓடினார்கள். அன்று பள்ளத்தைத் தேடி வந்தது விஷம் என்று யாருக்கும் தெரியாது. பூண்டு வதக்குகிற வாசனை வந்ததாம் நிலவறைக்குள். யார் வீட்டில் இந்த நேரத்தில் சமையல் என்று பெரிகானின் அண்ணி சிரித்தாளாம்.

கிதிர் நல்ல காற்றிலிருந்து அந்தப் புகைக்குள் இறங்கி ஓடினார். அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

முப்பத்தைந்து வருடமும் பெரிகான் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். "மேலயே இருந்திருந்தா உனக்கு ஒண்ணும் ஆயிருக்காது. கூறுகெட்டவனே. யாரு உன்னை வரச் சொன்னா?"

"ராத்திரிக்கு சோறு யாரு ஆக்குறதுன்னு வந்தேன்."

"சோத்துக்காக நுரையீரலைக் குடுத்த ஒரே ஆளு நீதான்."

இவ்வளவு பேசுவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கிவிடும். நீளமாகத் திட்ட முடியாததால் அவர்களுடைய சண்டைகள் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வந்தன. முதல் பத்து வருடம் முழு வாக்கியங்கள் இருந்தன. பிறகு பாதி வாக்கியம். கடைசியில் ஒற்றைச் சொல். "உப்பு," என்பாள் பெரிகான். உப்பு வாங்கி வரச் சொல்லி மூன்று நாளாகிறது, இந்த வீட்டில் எதையும் நான்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, உன் அம்மா உன்னை வளர்த்த லட்சணம் இது, எல்லாம் அதில் அடங்கிவிடும். "சரி," என்பார் கிதிர். அதிலும் நிறைய அடங்கியிருக்கும்.

அலமாரி உயர இயந்திரத்துக்கு அவள் மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள். பகலும் இரவும் ஓயாமல் முணுமுணுக்கும், வாயை மூடினால்தான் வீட்டில் எல்லோருக்கும் பயம் பிடிக்கும் என்பாள். அந்த ஒரு மாமியாரை இருவரும் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். காலையில் அவர், அவர் தொழுது முடித்ததும் அவள். "மாமியார் கூப்பிடறா, போ," என்று குழாயைக் கழற்றி நீட்டுவாள். தன்னுடைய நேரம் முடிவதற்கு முன்பே நீட்டுவாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் வாங்கிக்கொண்டார். அதுதான் இப்போது உறுத்தியது. இருமலில்கூட அவளுக்கு வகை இருந்தது. காலை இருமல், தேநீர் இருமல், விருந்தாளி வந்தால் தொண்டைக்குள்ளேயே மடித்து வைத்துக்கொள்ளும் இருமல். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வீட்டுக்காரர்கள், பெரிகான் எழுந்துவிட்டாள் என்று அந்த இருமலைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்கள்.

இரண்டு பேருக்கு ஏன் ஒரே இயந்திரம் என்றால், பெரிகான் பேரில் இயந்திரம் கொடுக்கப்படவில்லை. மருத்துவக் குழு அவரவர் உடம்பில் எத்தனை சதவீதம் கெட்டுப்போயிருக்கிறது என்று ஒரு எண் எழுதும். கிதிருக்கு முப்பது; தோளில் மாட்டும் இயந்திரத்துக்கு அது போதாது. பெரிகானுக்கு ஐந்து. ஐந்துக்கு வாயில் அடிக்கும் ஸ்ப்ரேயும் மாத்திரையும் உண்டு, அவ்வளவுதான்.

அந்த ஐந்து எப்படி வந்தது என்பது கிதிர் யாரிடமும் சொல்லாத விஷயம்.

*

பக்கத்து வீட்டு மீர்ஸா தன் காரை எடுத்து வந்தான். சிலிண்டரைப் போர்வையில் சுற்றிப் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டான்.

"கிதிர் மாமா, இந்தம்மா யாரு? ரொம்ப அமைதியா வராங்க."

"என் ரெண்டாம் தாரம். வண்டியைப் பார்த்து ஓட்டு."

"பேச்சே இல்லை. குடுத்து வச்சவர்தான் மாமா நீங்க."

மாகாணத் தலைநகருக்கு நாலரை மணி நேரம். வழி நெடுக ஷிலான் பாடம் எடுத்துக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணு. காலையில இருந்து ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. ரெண்டு. எப்படி இருக்கீங்கன்னு டாக்டர் கேட்டா, நல்லா இருக்கேன், இறைவனுக்கு நன்றின்னு சொல்லக் கூடாது."

"வேற என்ன சொல்றது? மனுஷன் நலம் விசாரிக்கறான், நான் அழணுமா?"

"அவர் நலம் விசாரிக்கலப்பா. பரிசோதனை பண்றார். மூணு, இதுதான் முக்கியம். யார் உள்ள வந்தாலும் எழுந்து நிக்கக் கூடாது."

மீர்ஸா ஸ்டியரிங்கை விட்டு ஒரு கையைத் தூக்கினான். "ஷிலான், அது மட்டும் ஆகாது. மாமா செத்துக் கிடந்தாலும், துக்கம் கேக்க வர்றவனைப் பார்த்து எழுந்துதான் நிப்பார்."

ஷிலான் சிரிக்கவில்லை. "போன தடவை நம்ம ஊர்க்காரங்க நாப்பது பேர் போனாங்க. முப்பது பேருக்கு எண்ணைக் குறைச்சுட்டாங்க. டாக்டர் கதவைத் திறந்தா நாப்பது பேரும் பட்டாளம் மாதிரி எழுந்து நிக்கறாங்க. எக்ஸ்ரே படமும் சுத்தமா இருக்கு. இவங்களுக்கு என்ன நோய்னு அவர் நினைப்பாரு?"

கிதிர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படங்கள் அப்படித்தான். நெஞ்சு உள்ளே சல்லடையாகிக் கிடக்கும், படத்தில் பிறந்த குழந்தையின் நெஞ்சு போலத் தெரியும். அதனால்தான் குழு ஆளை நேரில் பார்த்து எழுதியது. பார்க்கும்போது இவர்கள் எழுந்து நின்றார்கள்.

*

காத்திருக்கும் கூடம் மாறவேயில்லை. நாற்காலிகள் மட்டும் பிளாஸ்டிக்கிலிருந்து இரும்புக்கு மாறியிருந்தன. பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். எல்லோரும் சர்தஷ்த்திலிருந்தும் அதைச் சுற்றிய கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள்தான். கிதிர் உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்தார்கள். ஒருவர் கைத்தடியை ஊன்றி, ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தோளை ஊன்றி.

"வாங்க, வாங்க, உங்களுக்கு எங்க தலைமேல இடம்."

"உக்காருங்க, சிரமம் வேண்டாம்."

"சிரமம் என்ன, இங்க வந்து உக்காருங்க."

எல்லோரும் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, இருமி அடங்குவதற்குள் கதவு மறுபடி திறந்தது. ஒரு தம்பதி. மறுபடி எல்லோரும் எழுந்தார்கள். ஷிலான் அப்பாவின் சட்டைக் கையை இறுகப் பிடித்தாள். கிதிர் பாதி எழுந்து, பாதியில் நின்று, உட்கார்ந்தார். தேநீர்த் தட்டோடு ஊழியர் வந்தார், எழுந்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு போனார், அதற்கும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒரு ஓரத்தில் மெலிந்த ஒரு ஆள் சொன்னார்: "இன்னும் ரெண்டு பேர் வந்தாங்கன்னா நான் டாக்டர்கிட்ட போகத் தேவையில்லை. நேரா குழிக்குத்தான்." கூடமே சிரித்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நாற்காலிக்கு நாற்காலி தாவிச் சுற்றி வந்தது.

நான்காவது முறை கதவு திறந்தபோது வந்தது ஆமினா. பெரிகானுடன் ஒரே நிலவறையில் இருந்தவள். அன்று இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள். எல்லோரும் எழுந்தார்கள். கிதிர் எழவில்லை. தொடைகள் தாமாக இறுகின. ஷிலானின் விரல்கள் கையில் பதிந்தன. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆமினா நேராக அவரிடம் வந்தாள். குனிந்து முகத்தைப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"எழுந்திருக்கக்கூட முடியலையா கிதிர்? இவ்வளவு ஆயிடுச்சா? பெரிகான் போனதுல பாதி உசிரு போயிட்டுது, மீதி இதுதானா?" என்று அவர் தலையில் முத்தமிட்டாள். "இறைவன் உனக்கு லேசாக்கட்டும்."

எல்லோரும் அவரை, சாகக் கிடக்கிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். யாரோ தன் நாற்காலி மெத்தையை எடுத்து அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தார். கிதிருக்குக் காது மடல் கொதித்தது. வாயைத் திறந்தால், நான் நன்றாகத்தான் இருக்கிறேன், என் மகள்தான் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள் என்று சொல்லிவிடுவார். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டார்.

இதே கூடம்தான். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் பெரிகான் இதே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நீல உடை, மேலே சரிகைச் சட்டை, கல்யாணத்துக்குப் போகிறவள் போல. ஷிலானை அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவளுக்கு அன்று மோசமான நாள். காரிலேயே மூன்று முறை இருமி வாந்தி எடுத்திருந்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டதும், அந்தக் கதவுக்குப் பக்கத்து நடைவழியில் கிதிர் அவளை நிறுத்தினார். ஸ்ப்ரேயை எடுத்து அவர் கையாலேயே நான்கு முறை அடித்துவிட்டார்.

"இவங்க முன்னாடி இருமாதே," என்றார். "நாம பிச்சைக்காரங்க இல்லை. நிமிர்ந்து நில்லு."

அவள் நிமிர்ந்து நின்றாள். உள்ளே மூன்று டாக்டர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தபோது மூன்று முறையும் எழுந்து நின்றாள். கேட்டதற்கெல்லாம் நல்லா இருக்கேன் என்றாள். இருமல் வந்தபோது அதை விருந்தாளி இருமலாக மடித்துத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்ததை கிதிர் பக்கத்திலிருந்து பார்த்தார். அவருக்குப் பெருமையாக இருந்தது. அதுதான் உண்மை. என் பெண்டாட்டியைப் பாருங்கள் என்று இருந்தது.

பத்து நாளில் தபால் வந்தது. ஐந்து.

"கிதிர், ஹசனின் மகன்," என்று கதவருகில் கூப்பிட்டார்கள்.

*

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு இளம் பெண் டாக்டர் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கட்டுக் காகிதம். பெரிய டாக்டர்கள் வருவார்கள், அதற்குள் கேள்விகளை முடித்துவிடலாம் என்றார். அவர் பாரசீகத்தில் கேட்க, ஷிலான் குர்திஷில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன், இறைவனுக்கு நன்றி," என்றார் கிதிர்.

ஷிலான் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் எழுதிக்கொண்டார். சமதரையில் எவ்வளவு தூரம் நடப்பீர்கள், மாடிப்படி ஏறுவீர்களா, சிரித்தால் இருமல் வருமா, குளிக்க எவ்வளவு நேரமாகிறது, வெளியே இருமினால் கூச்சமாக இருக்கிறதா என்று கேள்விகள் வந்துகொண்டேயிருந்தன. கிதிர் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். பக்கவாட்டுக் கதவு திறந்து இரண்டு டாக்டர்கள் உள்ளே வந்தார்கள். ஒருவர் நரைத்தவர். கிதிரின் உடம்பு எழுந்தது. ஷிலான் பிடித்ததால் அல்ல, அவரே தன் முழங்காலை இரு கையாலும் அழுத்தி உட்கார்ந்துகொண்டார். பெரிகான் மூன்று முறை எழுந்த இடம் இதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

"கடைசிக் கேள்வி," என்றார் பெண் டாக்டர். "மூச்சுத்திணறலால நீங்க செய்யறதை விட்டுட்ட விஷயம் எது?"

கிதிர் யோசித்தார். "திட்டறது."

"என்னது?"

"நீளமா திட்ட முடியறதில்லை."

பெண் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரைத் திட்டுவீங்க?"

"என் வீட்டுக்காரியை."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"பனிக்காலத்துல போயிட்டா."

பேனா நின்றது. நரைத்த டாக்டர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். "அவங்களும் பாதிக்கப்பட்டவங்களா? எத்தனை சதவீதம்?"

"அஞ்சு," என்றார் கிதிர். நரைத்தவர் தலையசைத்துவிட்டு மறுபடி கோப்புக்குக் குனிந்தார். ஐந்து என்றால் அதனால் யாரும் சாவதில்லை என்பது போன்ற தலையசைப்பு. அதைப் பார்த்ததும் கிதிர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்.

"இதை அவங்ககிட்டச் சொல்லு," என்றார் ஷிலானைப் பார்க்காமல். "அவ இதே ரூமுக்கு வந்தா. வெளிய நிறுத்தி நாலு தடவை ஸ்ப்ரே அடிச்சேன். இருமாதேன்னு சொன்னது நான்தான். நிமிர்ந்து நில்லுன்னு சொன்னது நான்தான். அவளுக்கு அஞ்சு எழுதினது நீங்க இல்லை. நான்."

அறையில் எல்லோரும் ஷிலானுக்காகக் காத்திருந்தார்கள். அவள் அப்பாவின் முகத்தை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு டாக்டர்கள் பக்கம் திரும்பி, வகுப்பில் பேசுகிற குரலில், ஒரு சொல்லும் விடாமல், என் அப்பா சொல்கிறார் என்று தொடங்கிச் சொல்லி முடித்தாள்.

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிதிருக்கு இருமல் கிளம்பியது. அடிவயிற்றிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. அறுபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாக வாய்க்குப் போயிற்று, தொண்டை தானாக மடங்கியது. அவர் கையை எடுத்தார். தொண்டையைத் திறந்துவிட்டார். வாயைத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், மேசைக்கு எதிரே, மூன்று அந்நியர் முன்னால் இருமினார். அது நிற்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. இடுப்புத்துணி அவிழ்ந்து சரிந்தது. சளி வந்தது, அதையும் துணியில் மறைக்காமல் ஷிலான் நீட்டிய கிண்ணத்தில் துப்பினார். உதடு நீலம் பாரித்தது. நரைத்த டாக்டர் எழுந்து வந்து, சிலிண்டரைத் தானே திறந்து, குழாயை அவர் மூக்கில் பொருத்தினார். முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கடிகாரத்தைப் பார்த்து ஏதோ எண்ணினார். ஏழு நிமிடம் ஆயிற்று.

அடங்கியதும், "அவங்க எண்ணை என்னால மாத்த முடியாது," என்றார் நரைத்தவர். தட்டுத்தடுமாறிய குர்திஷில், அவரே சொன்னார். "உங்களுக்கு நான் பார்த்ததை எழுதறேன்."

வெளியே வந்தபோது கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கிதிருக்கு நின்று பேசத் தெம்பில்லை. போகிற போக்கில் ஆமினாவின் பக்கத்தில் மட்டும் ஒரு நொடி நின்றார். "அக்கா, எழுந்திருக்க முடியாம இல்லை. மன்னிச்சுக்கோ," என்றார். "உள்ள போனா இருமு. வாய்விட்டு இருமு."

ஆமினா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "படுபாவி," என்றாள். "நான் உன் தலையில முத்தம் வேற குடுத்தேன்."

திரும்பும் வழியில் ஷிலான் ஒரு வார்த்தை பேசவில்லை. மீர்ஸா இரண்டாம் தாரத்தைப் பற்றி ஒரு முறை ஆரம்பித்து, கண்ணாடியில் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். வீட்டிலும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த வாரமும் பேசவில்லை. குழாயை மாட்டிவிட்டாள், மாத்திரை கொடுத்தாள், சூப் வைத்தாள். கிதிரும் கேட்கவில்லை.

*

இயந்திரம் கோடை முடிவில் வந்தது. மூன்று கிலோ எடை, பள்ளிக்கூடப் பை மாதிரி ஒரு உறை. திராட்சை கறுத்து, மேலே வெள்ளைப் பொடி பூத்த பிறகு ஒரு காலையில் புறப்பட்டார்கள். மீர்ஸா பாதை முடிகிற இடம்வரை கொண்டுபோய் விட்டான். அங்கிருந்து சரிவில் ஏற ஆரோக்கியமான ஆளுக்குக் கால் மணி நேரம். அவர்களுக்கு ஒன்றேகால் மணி நேரமாயிற்று. பையை ஷிலான் தோளில் மாட்டிக்கொண்டாள். குழாயின் மறுமுனையில் கிதிர் பின்னால் நடந்தார்.

"கட்டி இழுத்துட்டுப் போற ஆடு மாதிரி இருக்கீங்க."

"ஆடு இவ்வளவு தடவை நிக்காது."

தோட்டத்தில் மாமன் மகன்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் கூடையை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று, தலைமேல இடம் என்றார்கள். கல்லடுக்கின் மேல் போர்வை விரித்து உட்கார வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். ஒரு குலை கையில் வந்தது. ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வந்தன. கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது. புதுக் கூரைகள், பழைய கூரைகள், பெரிகானின் அண்ணன் வீடு இருந்த இடத்தில் இப்போது இருக்கும் நான்கு மாடி. பெரிகான் இங்கே வந்து உட்கார்ந்தால் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் பாதத்தை வைப்பாள். பிறகு ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, போன வருஷத்துது இதைவிட இனிப்பு என்பாள். எல்லா வருடமும் அதைத்தான் சொன்னாள். அப்படிப் பார்த்தால் அவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் அறுவடைப் பழம் எவ்வளவு இனித்திருக்க வேண்டும் என்று கிதிர் ஒரு முறை கேட்டார். "அந்த வருஷத்துப் பழத்தை யாரு தின்னா? ஆஸ்பத்திரியில இல்ல கிடந்தோம்," என்றாள்.

கிதிர் ஒரு பழத்தை வாயில் போட்டார். மெதுவாக மென்றார்.

"அப்பா," என்றாள் ஷிலான். அவள் ஊரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீங்க அன்னைக்குச் சொன்னது எனக்கு முன்னாடியே தெரியும்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"அம்மா சொல்லியிருக்கா. நான் காலேஜ்ல இருந்தப்ப. உனக்கு ஏன் அஞ்சு குடுத்தாங்கன்னு கேட்டேன். இருமாதேன்னு உங்கப்பன் சொன்னான்னு சொன்னா."

"நீ ஏன் என்கிட்டக் கேக்கலை?"

"கோவமா இருந்தேன், கேக்கலை. அப்புறம் அம்மா ஒண்ணு சொன்னா, அதனால கேக்கலை. அதை உங்ககிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னுதான் மூணு மாசமா யோசிச்சுட்டு இருக்கேன்."

"சொல்லு."

"உங்கப்பன் சொன்னா நான் கேக்கறவளா, என்னைக்குக் கேட்டிருக்கேன்னா. அந்த மூணு டாக்டர்ல ஒருத்தன் பார்க்க அவ்வளவு நல்லா இருந்தானாம். சரிகைச் சட்டை வேற போட்டுட்டுப் போயிருக்கேன், அவன் முன்னாடி போய்க் காறித் துப்புவேனான்னு கேட்டா."

கிதிர் அவளைப் பார்த்தார். ஷிலானின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கணக்கு வாத்தியார் முகம். பிள்ளைகள் விடை சரியா தவறா என்று தேடினால் அகப்படாத முகம். அவர் நெஞ்சிலிருந்து சிரிப்பு கிளம்பி, பாதி வழியில் இருமலாயிற்று. அவள் இயந்திரத்தின் அளவை ஒரு எண் கூட்டினாள். இருமி முடித்துத் துப்பிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்:

"எந்த டாக்டர்?"

"அதை அவ சொல்லலை."

"கண்ணாடி போட்டவனா, உயரமானவனா?"

"தெரியாதுப்பா."

கிதிர் இன்னொரு பழத்தைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். ஒன்று வழுக்கை. அவனாக இருக்காது. மற்ற இரண்டில் எதுவென்று மட்டும் முடிவு செய்ய முடியவில்லை. அன்று முழுக்க அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளைத்தான்.